ஒரே பிள்ளை

அத்தியாயம் ஒன்பது

பன்னிரண்டு வாரமும் நாலு நாளும்.

இந்தக் கணக்கு வீட்டில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி, கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிற அவள். இன்னொருத்தன், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். அதே கூரையின் கீழ் இருக்கும் மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. மேனேஜர் போய்ப் பதினாலு மாசம்தான் ஆகிறது. அந்த வீட்டில் நல்ல சேதியை எந்த நேரத்தில் சொல்வது என்று ரெண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

மேனேஜர் என்றால் கணவனின் தம்பி. எந்த ஆபீஸுக்கும் மேனேஜர் இல்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருத்தரையும் "ஏன் லேட்டு?" என்று நிறுத்திக் கேட்பான். தபால்காரர்கூடப் பதில் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுக்க முடியும். அதனால் வந்த பேர். பிறக்கும்போதே இதயத்தில் இருந்த கோளாறு முப்பத்தோராவது வயசில் அவனைக் கொண்டுபோய்விட்டது.

இப்போதும் வேலை முடிந்து படியேறும்போது அவள் கால் ஒரு நொடி நிற்கும். யாரும் கேட்பதில்லை. ஆனால் யாரும் கேட்காதது அவள் காதில் தெளிவாக விழும்.

அன்று காலை ஒன்பதரைக்கு ஸ்கேன்.

ஆஸ்பத்திரியின் முன்னறையில் நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள்.

"வயசு?"

"முப்பத்தாறு."

"முதல் குழந்தையா?"

"ஆமா. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சிடுச்சு."

"சர்க்கரை, பிரஷர்?"

"இல்ல."

"ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது டவுன் சிண்ட்ரோம் இருந்திருக்கா? வேற பிறவிக் கோளாறு ஏதாவது?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவன் சொன்னான்.

"இல்ல."

"உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர் சார்?"

"நான் ஒரே பிள்ளை."

நர்ஸ் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை, அதில் என்னமோ எழுதியிருப்பதைப் போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஸ்கேன் அறையில் வெளிச்சம் குறைவு. வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்தது.

"கழுத்துக்குப் பின்னாடி தோலுக்கு அடியில கொஞ்சம் நீர் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும்" என்றார் ஸ்கேன் டாக்டர். "அது எவ்வளவு அகலம்னு அளக்கப் போறோம். போன வாரம் எடுத்த ரத்தம், இந்த அளவு, உங்க வயசு, மூணையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வாங்க. வலிக்காது."

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது. இருமச் சொன்னார். பக்கவாட்டில் படுக்கச் சொன்னார். அசையவில்லை.

"இப்பவே சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே! எழுந்து ஒரு நடை நடந்துட்டு வாங்க."

அவள் அறைக்குள்ளேயே நாலு தடவை நடந்தாள். மறுபடி படுத்தபோது திரையில் பக்கவாட்டு முகம் ஒன்று தெரிந்தது. நெற்றி, மூக்கு, மோவாய். அவள் அந்த மூக்கில் மேனேஜரைத் தேடினாள். தேடுகிறோம் என்று தெரிந்ததும் முகம் சுட்டது. அவன் மூக்கின் மேல் கண்ணாடி நிற்காது என்று அவள்தானே அவனுக்கென்று தனியாக ஒரு சட்டம் வளைத்துக் கொடுத்தாள்!

திரையில் ரெண்டு சின்னக் குறிகள் நகர்ந்து வந்து நின்றன. மில்லிமீட்டர் அவளுக்குப் புதிதில்லை. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் போட்டவருக்குத் தலைவலி வரும் என்று தெரிந்தவள். மூன்றுக்குச் சற்றுக் குறைவாக ஓர் எண் வந்தது. டாக்டர் இன்னொரு முறை அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார்.

ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார். காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாற்பதில் ஒன்றுன்னு வந்திருக்கு."

கணவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "அப்படின்னா இருக்குன்னா?"

"இல்ல சார். இது இருக்கு, இல்லைன்னு சொல்ற டெஸ்டே இல்ல. வாய்ப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். இவங்களை மாதிரி நாற்பது அம்மாக்கள் இங்க வந்து உக்காந்தா, முப்பத்தொன்பது பேர் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. ஒருத்தர் குழந்தைக்கு இருக்கும். அந்த ஒருத்தர் இவங்களான்னு இந்தக் காகிதத்துக்குத் தெரியாது."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ரெண்டு வழி இருக்கு. அம்மா ரத்தத்துலயே குழந்தையோட மரபணு கொஞ்சம் கலந்திருக்கும். அதை எடுத்துப் பாக்கலாம். இதைவிட ரொம்பத் துல்லியம், ஆனா அதுவும் முடிவான பதில் இல்ல. இன்னொண்ணு ஊசி. இப்போன்னா நஞ்சுக்கொடியில துளி எடுப்போம். இன்னும் சில வாரம் போனா பனிக்குடத் தண்ணி எடுப்போம். அதுல உறுதியாத் தெரியும். ஆனா அபூர்வமா அதனால கரு கலையவும் கலையலாம். அதையும் சொல்லிடறேன்."

ரெண்டு தடவை கலைந்த வயிற்றின் மேல் அவள் கை தானாகப் போயிற்று.

"எதுவுமே வேண்டாம்னு சொன்னா?"

"தாராளமாச் சொல்லலாம். எதுவும் கட்டாயம் இல்லம்மா. தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறதும் உங்க இஷ்டம், வேண்டாம்னு நினைக்கிறதும் உங்க இஷ்டம்."

வெளியே வந்ததும் கணவனின் போன் அடித்தது. ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர். பேசி முடித்துவிட்டு, "நான் போயாகணும். நீ வண்டி புடிச்சுப் போயிடுவியா?" என்றான்.

"ஒரே பிள்ளையா?" என்று கேட்டாள் அவள்.

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். "சாயங்காலம் பேசலாம்."

போய்விட்டான். அவள் ரெண்டு நிமிஷம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிப் போய் டாக்டரின் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், காலையில படிவத்துல எழுதினது தப்பு. அவருக்கு ஒரு தம்பி இருந்தான். டவுன் சிண்ட்ரோம். போன வருஷம் தவறிட்டான்."

திட்டுவார் என்று நினைத்தாள். டாக்டர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"நல்லவேளை வந்து சொன்னீங்க. பயப்படாதீங்க, பெரும்பாலும் இது குடும்பத்துல வழிவழியா வர்றது இல்ல. தற்செயலா நடக்கிறது. ஆனா நூத்துல மூணு நாலு பேருக்கு வேற மாதிரி. ஒரு குரோமோசோம் இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கும். அது பெத்தவங்க வழியா வந்திருக்கலாம். அந்த மாதிரி ஒட்டினதைச் சுமக்கிறவங்க நம்மள மாதிரி நல்லாத்தான் இருப்பாங்க. அவங்களுக்கே தெரியாது. குழந்தை உண்டாகும்போது மட்டும் சிக்கல் வரும். சில சமயம் கலைஞ்சு போகும்." காலைப் படிவத்தைப் புரட்டினார். "உங்களுக்கு ரெண்டு தடவை கலைஞ்சிருக்குன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா."

"தம்பிக்குச் சின்ன வயசுல எடுத்த ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க. அதைப் பாத்தா அடுத்து எந்த டெஸ்ட் பண்ணலாம்னு சரியாச் சொல்வேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

"மாமியார்கிட்டதான் கேக்கணும்."

"கேளுங்களேன்."

"நான் உண்டாயிருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப அதை முதல்ல சொல்லுங்க. ரிப்போர்ட்டை அப்புறம் கேளுங்க."

மாமியார் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் மேனேஜரும் இங்கேதான் இருப்பான். சட்டைக்கு எட்டுப் பட்டன் எண்ணிப் பொட்டலம் போடுவது அவன் வேலை. எல்லாப் பொட்டலத்திலும் ஒன்பது போடுவான். "ஒண்ணு தொலைஞ்சா?" என்பான். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம் கடைக்கே அந்தக் கணக்குத்தான் வழக்கமாகிவிட்டது.

மருமகளைப் பார்த்ததும் மாமியார் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"என்னம்மா இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?"

"வெளிய வாங்க அத்தை. ஒரு விஷயம்."

கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகள் அடுக்கிய சந்தில் நின்று சொன்னாள். மாமியார் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை. நூல் ஒட்டிய ரெண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பதினாலு மாசமாகப் பார்த்ததில்லை.

"எத்தனை மாசம்?"

"மூணு."

"அடிப்பாவி, மூணு மாசமா வாயைத் திறக்கலையா? ரெண்டு பேரும் அழுத்தக்காரங்கதான்!"

"அத்தை, இன்னொண்ணு. டாக்டர் மேனேஜரோட பழைய ரிப்போர்ட்டைக் கேக்கறாங்க."

கன்னத்தில் இருந்த கைகள் மெல்ல இறங்கின.

"எதுக்கு?"

அவள் நாற்பதில் ஒன்றைச் சொன்னாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். படிவத்தில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

"அவனை மாதிரி இருக்குமான்னு பாக்கறீங்க" என்றார் மாமியார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா அத்தை."

"இருந்தா?"

"தெரியல அத்தை. உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. நெஜமாவே தெரியல."

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மாமியார் வெகுநேரம் தன் விரலில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வா. வீட்டுக்குப் போலாம்."

வீட்டில் மேனேஜரின் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மாமியார் மட்டும் தினம் ஒரு தடவை உள்ளே போய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வருவார். சில நாள் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்கும். அவளும் கணவனும் அப்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்று அவளையும் உள்ளே கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தார். அவன் சட்டைகள், சிவப்புத் தொப்பி, உடைந்த கைக்கடிகாரம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து ரெண்டு கவர்கள் வந்தன. ஒன்று பிரித்து, மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. இன்னொன்று ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"இதுதான் அவனோடது."

"அது யாரோடது அத்தை?"

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உன் புருஷனோடது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அன்னிக்கு டாக்டர் மூத்தவனுக்கும் எடுக்கச் சொன்னார். ஏழு வயசு. ரத்தம் எடுக்கும்போது ஒரு சொட்டு கண்ணீர் விடல. உங்க மாமா துணைக்கு வரல. நான் மட்டும் தனியாப் போய் ரெண்டு கவரையும் வாங்கிட்டு பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். சின்னவனோடதைப் பிரிச்சேன். ஒட்டிக்கிட்ட வகைன்னு எழுதியிருந்துச்சு. அங்கேயே அழுதேன். இன்னொண்ணையும் பிரின்னா எந்தத் தாய் பிரிப்பா? வீட்டுக்கு வந்தா அவன் பம்பரம் விட்டுக்கிட்டிருந்தான். நல்லா இருந்தான். நல்லா இருக்கிறவனை எதுக்குப் பேப்பர்ல பாக்கணும்?"

"முப்பது வருஷமா பிரிக்கவே இல்லையா?"

"கிழிச்சுப் போடவும் பயம்மா."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவன் வந்துவிட்டான். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. தம்பியின் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து வழியிலேயே நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"வாடா" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. "எல்லாம் சொல்லிட்டா. ஆமா, டாக்டர்கிட்டத் தம்பியைப் பத்தி நல்லபடியாச் சொன்னியா? வெறும் நோய் பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடலையே? பதிமூணு வயசுல சைக்கிள் ஓட்டினான், கடையில வேலை பாத்தான், அதெல்லாம் சொன்னியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா" என்றான் அவன். "நான் அவன் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்மா."

"என்னது?"

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்னு கேட்டாங்க. ஒரே பிள்ளைன்னு சொல்லிட்டேன்."

மாமியார் மகனையே பார்த்தார். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அஞ்சாங்கிளாஸ்ல ஒருநாள் நீ அவனை ஸ்கூல் கேட்டுக்குக் கூட்டிட்டு வந்த. பசங்க யார்ரா அதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னேன். அவனுக்கு அது காதுல விழுந்துச்சு. ஓடி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணன் விளையாடுறான், அண்ணன் விளையாடுறான்'னு எல்லார்கிட்டயும் சொன்னான். இன்னிக்கு அந்த நர்ஸ் கேட்டதும் அதே வாய்தான்மா பேசுச்சு. சொல்லி முடிச்சப்புறம் அவன் பக்கத்துல நின்னு அதையே மறுபடி சொல்ற மாதிரி இருந்துச்சு. நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கு."

அவள்தான் பேசினாள்.

"எனக்குக் குழந்தை மேனேஜர் மாதிரி இருக்குமோன்னு பயம் இல்லைங்க. அவனை நான் எட்டு வருஷம் பாத்தவ. எனக்கு உங்களை நெனச்சாத்தான் பயம். நாளைக்கு யாராவது கேட்டா, இதையும் இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு."

அவன் நிமிரவில்லை. அடி வாங்கிய மாதிரி தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

மாமியார் எழுந்தார். ஒட்டியிருந்த கவரை மகனின் கையில் வைத்தார்.

"அவனைத் திட்டாதம்மா. நானும் முப்பது வருஷம் இல்லைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்." மகனிடம் திரும்பினார். "உன்னோடது. பிரி."

அவன் கவரின் மேல் இருந்த தன் பெயரையும், 'வயது 7' என்று எழுதியிருந்ததையும் பார்த்தான். பசை காய்ந்துபோயிருந்தது, விரல் பட்டதும் திறந்துகொண்டது. உள்ளே ஒரு தாள். மேலே எண்களும் எழுத்துகளும். அடியில் டாக்டர் கையால் எழுதிய ரெண்டு வரி. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தாளை வாங்கிப் படித்தாள்.

"'மூத்த மகனும் இதைச் சுமக்கிறான். அவனுக்குப் பாதிப்பு இல்லை. திருமணத்துக்குப் பிறகு கட்டாயம் ஆலோசனைக்கு வரவும்.'"

"அப்போ அந்த ரெண்டு தடவையும்..." அவன் அவளைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கனமான பெட்டியைத் தூக்கினேன், படியில் ஓடினேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டது அவனுக்குத் தெரியும். "அது என்னாலயா?"

"உன்னால இல்லடா. என்கிட்டேருந்து உனக்கு வந்திருக்கும்" என்றார் மாமியார்.

"யாராலயும் இல்ல" என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதில் பாதி துக்கம். மீதி, ரெண்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஒரு பழியை இறக்கி வைத்த களைப்பு.

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினான். "காலையில படிவத்துல ஒரு தப்பான பதில் சொல்லிட்டேன். திருத்தணும்" என்றான். எதிர்முனையில் இருந்தவள், உங்க வீட்டம்மா ஏற்கெனவே சொல்லிட்டாங்க சார் என்றிருக்க வேண்டும். "பரவாயில்ல. நானும் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தம்பியின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் நிதானமாகச் சொன்னான்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மாமியாரும் அவளும் மேனேஜரின் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு அத்தை."

"நானும் வர்றேன். ஊசி வேணும், வேண்டாம்னு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு." பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "இந்தப் பிள்ளை வேணுமான்னு என்னை யாரும் முன்னாடியே கேக்கல. உங்க காலத்துல கேக்கறாங்க. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு அவன் பொறந்த நாள்லேருந்து யோசிக்கிறேன். இங்க வந்து ஜன்னலைத் திறக்கிறப்போ தினம் அவன்கிட்ட அதைத்தான் பேசறேன். தினம் ஒரு பதில் வருது."

"இன்னிக்கு என்ன பதில் வந்துச்சு அத்தை?"

மாமியார் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார்.

"நீ கேக்கற வரைக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா" என்றார்.